சர்க்கரையால் மாகுலா வீங்கினால்: கண் ஊசி சிகிச்சையை முழுதாக எடுத்துக்கொள்வது எப்படி

படிக்கும்போது வரியின் நடுவில் இரண்டு எழுத்து மங்குகிறது. நேரான சன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிகிறது. கண்ணாடியின் பவரை மாற்றிப் பார்த்தும் தெளிவு வரவில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாகுலா வீக்கத்தைத்தான். கண் சிவக்காது, வலிக்காது. ஒரு கண்ணில் மட்டும் வந்தால் நல்ல கண் அதை மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்த்தால்தான் தெரியும்.

மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது, மாத்திரை அட்டையைப் படிப்பது எல்லாம் இந்தச் சிறு இடத்தின் வேலை. பல ஆண்டு உயர் சர்க்கரை அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைக் கெடுக்கிறது. சில குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் குறைந்த விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அந்தப் புரதம் குழாய்ச் சுவரை இன்னும் கசிய வைக்கிறது. கசிந்த நீர் மாகுலாவில் தேங்கி, ஈரத்தில் ஊறிய பஞ்சு போல அது தடிக்கிறது.

கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. கசிவு குறைகிறது, நீர் வடிகிறது. ஆனால் சில வாரங்களில் மருந்து கண்ணிலிருந்து வெளியேறிவிடும், புரதமோ சுரந்துகொண்டே இருக்கும். இந்தச் சிகிச்சையில் மனதில் பதிய வேண்டியது இதுதான்: ஒரு ஊசி சிகிச்சை ஆகாது, தொடர் ஊசிதான் சிகிச்சை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு "பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்றோ, "இப்போது நன்றாகத் தெரிகிறதே" என்றோ நின்றுவிடுபவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன்

ஊசி தேவையா என்பதை ஓ.சி.டி. ஸ்கேன்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தொடாமல், வலிக்காமல், சில நிமிடங்களில் விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம் எடுத்துவிடுவார்கள். அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டியது மாகுலாவின் மையத் தடிமன். ஆரோக்கியமான கண்ணில் அது சுமார் 250 முதல் 280 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருக்கும். வீங்கிய கண்ணில் 400, 500 என்று ஏறும். இயந்திரத்துக்கு இயந்திரம் இந்த எண் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே வகை இயந்திரத்தில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். வேறு இடத்தில் எடுத்த ஸ்கேனில் 30 மைக்ரான் கூடியிருந்தால் உடனே கலங்க வேண்டாம்.

வீக்கம் மையத்தைத் தொட்டிருக்கிறதா, பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே முடிவு எடுக்கப்படும். மையத்தைத் தொட்டு, பார்வையும் 6/9 (இயல்பான கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்குக் கீழே போயிருந்தால் ஊசி தொடங்குவதே வழக்கம். மையத்தில் நீர் இருந்தும் பார்வை 6/7.5 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். 2019இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், இப்படிப்பட்ட கண்களில் உடனே ஊசி போட்டவர்களுக்கும், கண்காணித்து பார்வை குறைந்தபோது மட்டும் போட்டவர்களுக்கும் 2 ஆண்டு முடிவில் பார்வை இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே கண்காணிப்பு என்பது குறித்த நாளில் தவறாமல் வந்து அளந்து பார்ப்பது. வீட்டில் இருந்துகொண்டு "பார்த்துக்கொள்ளலாம்" என்பது அதில் சேராது.

ஆஞ்சியோகிராம் எல்லோருக்கும் தேவைப்படாது. கையில் ஊசி வழியாக மஞ்சள் சாயம் செலுத்தி விழித்திரைக் குழாய்களைப் படம் எடுப்பார்கள். மாகுலாவுக்கு ரத்தம் போகிறதா என்று தெரிந்துகொள்ள அது உதவும். இது ஏன் முக்கியம் என்றால், மையத்தில் ரத்தக் குழாய்களே அடைபட்டிருந்தால் நீர் வடிந்தாலும் பார்வை பெரிதாக மீளாது. அதை முன்பே தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. சாயம் செலுத்திய பிறகு ஒரு நாள் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை.

எந்த மருந்து

அதிகம் பயன்படுபவை நான்கு. பெவாசிசுமாப் 1.25 மி.கி., ரானிபிசுமாப் 0.5 மி.கி. (அமெரிக்காவில் இந்த நோய்க்கு 0.3 மி.கி.), அஃப்லிபெர்செப்ட் 2 மி.கி., ஃபாரிசிமாப் 6 மி.கி. நான்கும் 0.05 மி.லி. அளவில்தான் உள்ளே போகின்றன. ஏறக்குறைய ஒரு சொட்டு. அஃப்லிபெர்செப்ட் 8 மி.கி. என்ற அடர்ந்த வடிவமும் 2023 முதல் உண்டு. அது 0.07 மி.லி. அளவு. ஃபாரிசிமாப் 2022இல் வந்தது. வி.இ.ஜி.எஃப். புரதத்தோடு, குழாய்ச் சுவரைத் தளர்த்தும் இன்னொரு புரதத்தையும் தடுக்கிறது. பல கண்களில் ஊசிகளுக்கு இடையேயான இடைவெளியை 16 வாரம் வரை நீட்ட முடிகிறது.

பெவாசிசுமாப் 2004இல் குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. கண்ணுக்கு மருத்துவரின் பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள். விலை மற்றவற்றைவிட மிகக் குறைவு. மற்ற மருந்துகளின் விலை தாங்காமல் பாதியில் நிற்பதைவிட, இதை முறையாக முழுதாகப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். 2015இல் மூன்று மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், தொடக்கத்தில் பார்வை 6/12 அல்லது அதைவிட நன்றாக இருந்த கண்களில் மூன்றும் ஒரே அளவு பலன் தந்தன. 6/15 அல்லது அதைவிட மோசமாக இருந்த கண்களில் முதல் ஆண்டு முடிவில் அஃப்லிபெர்செப்ட் சராசரியாக 19 எழுத்தும், ரானிபிசுமாப் 14 எழுத்தும், பெவாசிசுமாப் 12 எழுத்தும் மீட்டுக் கொடுத்தன. பார்வை அட்டையில் 5 எழுத்து ஒரு வரி. ஆக, பார்வை ஏற்கெனவே நன்றாகக் குறைந்திருந்தால் மருந்துத் தேர்வைப் பற்றி மருத்துவரிடம் விரிவாகப் பேசுவது பயனுள்ளது.

பெவாசிசுமாப் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரிய புட்டியிலிருந்து சிறு சிரிஞ்சுகளாகப் பிரித்தே இதைக் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பிரிப்பு கிருமி புகாத அறையில் நடந்ததா, குளிர்பதனத்தில் வைக்கப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே புட்டியில் கிருமி புகுந்து, அதிலிருந்து போட்ட பல கண்கள் ஒரே நாளில் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன.

கால அட்டவணை

முதலில் மாதம் ஒன்று. மருந்தைப் பொறுத்தும் கண்ணைப் பொறுத்தும் 3 முதல் 6 ஊசி வரை இடைவெளி விடாமல் போகும். அஃப்லிபெர்செப்ட் 2 மி.கி.க்கு முதல் 5 ஊசி மாதந்தோறும், பிறகு 2 மாதத்துக்கு ஒன்று என்பது அடிப்படைத் திட்டம். மாகுலா உலர்ந்து நிலையான பின், இடைவெளியை ஒவ்வொரு முறையும் 2 அல்லது 4 வாரம் கூட்டிப் பார்ப்பார்கள். நீர் திரும்பினால் மறுபடி குறைப்பார்கள். உங்கள் கண் எத்தனை வாரம் தாங்குகிறது என்பது இப்படித்தான் தெரியவரும். அந்த எண் ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு 12 வாரம், உங்களுக்கு 6 வாரம் என்றால் அது யாருடைய தவறும் அல்ல.

முதல் ஆண்டில் 8 முதல் 10 ஊசி என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய பாதியாகும், மூன்றாம் ஆண்டில் இன்னும் குறையும். பலருக்கு அதன்பின் கண்காணிப்பு மட்டும் போதும். ஆயுள் முழுக்க மாதம் ஒரு ஊசி என்ற அச்சத்தில் தொடங்காமலே இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தள்ளிப்போடுவதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. ரானிபிசுமாப் ஆய்வுகளில், முதல் 2 ஆண்டு மருந்தில்லாத போலி ஊசி மட்டும் பெற்று அதன்பின் உண்மையான மருந்துக்கு மாறியவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே மருந்து பெற்றவர்கள் அளவுக்குப் பார்வை திரும்பவில்லை. நீரில் நீண்ட நாள் ஊறிய ஒளி உணர் செல்கள் நிரந்தரமாகக் கெடுகின்றன என்பதே காரணம்.

ஊசிக்கு முந்தைய நாளும் அன்றும்

பட்டினி கிடக்க வேண்டாம். மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும்தான், மயக்க மருந்து இல்லை. வழக்கமான சாப்பாடு, வழக்கமான சர்க்கரை மாத்திரை, வழக்கமான இன்சுலின். காத்திருப்பில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் கையில் ஏதாவது வைத்திருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்துகளை நிறுத்தக் கூடாது. ஊசியால் கண்ணுக்கு வரும் ரத்தக் கசிவைவிட, அந்த மருந்தை நிறுத்துவதால் இதயத்துக்கும் மூளைக்கும் வரும் ஆபத்து பெரிது.

தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், கண் மை வேண்டாம். இவற்றில் ஏதாவது இருந்தால் ஊசிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்: கண்கட்டி, கண்ணில் பீளை, இமை ஓரத்தில் புண், சமீபத்தில் பக்கவாதம் அல்லது மாரடைப்பு, கர்ப்பம் அல்லது கருத்தரிக்கும் எண்ணம். இமையில் கிருமித் தொற்று இருந்தால் அது ஆறும்வரை ஊசி தள்ளிப்போகும். அதை மறைத்து ஊசி போட்டுக்கொண்டால் கிருமியைக் கண்ணுக்குள் நாமே அழைப்பது போலாகும். மாரடைப்போ பக்கவாதமோ வந்து 3 மாதம் ஆகாதவர்களுக்குப் பல மருத்துவர்கள் இந்த மருந்துகளைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பார்கள். கர்ப்பத்தில் இவை பொதுவாகத் தவிர்க்கப்படும். அஃப்லிபெர்செப்ட் 2 மி.கி. எடுத்தவர்கள் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 3 மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வரட்டும்.

ஊசி அறையில் நடப்பது

மொத்தம் 10, 15 நிமிடம். ஊசி உள்ளே இருப்பது சில வினாடிகள்.

முதலில் மரத்துப்போகும் சொட்டு, சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை. அடுத்து போவிடோன் அயோடின். இமைத் தோலுக்கு 10 சதவீதம், கண்ணுக்குள் 5 சதவீதம். கண்ணின் மேற்பரப்பில் இயல்பாகவே வாழும் கிருமிகளைக் கொல்வது இதுதான். முழு நடைமுறையிலும் மிக முக்கியமான படி இதுவே. கொட்டியதும் ஊசி போட்டுவிட்டால் பயனில்லை, அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை அது கண்ணில் தங்க வேண்டும். மரத்துப்போகச் சொட்டுக்குப் பதில் ஜெல் பயன்படுத்தினால், ஜெல் படலம் அயோடின் கண்ணைத் தொடாமல் தடுத்துவிடும். அதனால் ஜெல்லுக்கு முன்பும் பின்பும் அயோடின் இட வேண்டும். மீன், இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் "எனக்கு அயோடின் ஆகாது" என்று நினைத்துக்கொள்வதுண்டு. அந்த ஒவ்வாமைக்கு அயோடின் காரணமில்லை. உண்மையிலேயே இந்தக் கரைசல் ஆகாதவர்களுக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடின் மாற்றாக இருக்கிறது.

பிறகு இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு சிறு கம்பி வைப்பார்கள். கண் சிமிட்ட வேண்டும் போல இருக்கும், ஆனால் சிமிட்டினாலும் கெடுதல் வராது. இமை முடி ஊசியில் படாமல் இருக்கவே அந்தக் கம்பி. கருவிழி விளிம்பிலிருந்து அளவுகோலால் அளந்து இடம் குறிப்பார்கள். கண் புரை அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்த கண்ணில் 3.5 மி.மீ., இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் 4 மி.மீ. அதைவிட முன்னே போனால் லென்ஸ் காயப்படலாம், பின்னே போனால் விழித்திரை கிழியலாம். 30 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசிதான் பயன்படும். 30 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 0.3 மி.மீ.

இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. சொன்ன பக்கம் பார்வையை நிறுத்தி வையுங்கள். தலையை அசைக்காதீர்கள். பேசாதீர்கள். வாயிலிருந்து தெறிக்கும் எச்சில் துளிகளில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி கண்ணுக்குள் போனால் மோசமான தொற்று உண்டாகும். மருத்துவரும் முகக் கவசத்தோடு மௌனமாக வேலை செய்வது இதனால்தான். இருமலோ தும்மலோ வருவது போலிருந்தால் கையை லேசாக உயர்த்திக் காட்டுங்கள், நிறுத்துவார்கள்.

உள்ளே போகும்போது வலியைவிட அழுத்தம்தான் தெரியும். மருந்து கலப்பது சிலருக்குக் கண்ணாடியில் நீர் வழிவது போலத் தெரியும். முடிந்ததும் "எத்தனை விரல்?" என்று கேட்பார்கள். கண் அழுத்தம் திடீரென ஏறி விழித்திரைக்கு ரத்தம் நின்றுவிடவில்லை என்று உறுதி செய்யும் கேள்வி அது. விரல் தெரியாமல் முழு இருட்டாக இருந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். கண்ணின் முன்புறத்திலிருந்து சிறிது நீரை எடுத்து அழுத்தத்தை உடனே இறக்க முடியும். வழக்கமான சிறு ஏற்றம் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும்.

கடைசியில் அயோடினைச் சலைன் விட்டு நன்றாகக் கழுவச் சொல்லிக் கேளுங்கள். அன்று இரவு மணல் விழுந்தது போல உறுத்துவதற்குப் பெரும்பாலும் காரணம் ஊசி அல்ல, கருவிழியில் தங்கிய அயோடின்.

வீட்டில்

ஊசி போட்ட இடத்தில் ரத்தச் சிவப்புத் திட்டு வரலாம், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அது வெண்படலத்துக்கு அடியில் கசிந்த ரத்தம்தான், வலி இல்லாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். பார்வையின் கீழ்ப்புறம் உருண்டையான கருப்பு வட்டம் ஆடினால் அது காற்றுக் குமிழி. உண்மையில் அது கண்ணின் மேல்பகுதியில் மிதக்கிறது, விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிறது. ஓரிரு நாளில் கரைந்துவிடும். உறுத்தலுக்குக் கண்ணீர்ச் சொட்டு, தேவைப்பட்டால் பாராசிட்டமால். கண்ணைக் கசக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் கண்ணுக்குள் குழாய்த் தண்ணீர் போகக் கூடாது. ஒரு வாரம் நீச்சல் வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் சொட்டு ஊசிக்குப் பின் வழக்கமாகத் தேவையில்லை. அது தொற்றைக் குறைப்பதாக நிரூபணம் இல்லை. மாதந்தோறும் போட்டுவந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் கண்ணில் குடியேறும்.

உறுத்தல் மறுநாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால் விழித்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் முதல் வாரத்தில், குறிப்பாக 2 முதல் 5 நாளுக்குள், வலி கூடிக்கொண்டே போவது, பார்வை நாளுக்கு நாள் குறைவது, சிவப்பு பரவுவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது ஆகியவை கண்ணுக்குள் கிருமி புகுந்ததன் அடையாளம். ஏறக்குறைய 2000 முதல் 3000 ஊசிக்கு ஒன்றில் நேர்கிறது. அரிதுதான், ஆனால் மணிக்கணக்கில் பார்வையைத் தின்னும். காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே விழித்திரை மருத்துவர் கண்ணுக்குள்ளிருந்து நீர்மம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, வான்கோமைசின், செஃப்டாசிடிம் ஆகியவற்றைக் கண்ணுக்குள் செலுத்துவார். மருந்துக் கடையில் சொட்டு வாங்கி விட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பது கண்ணை இழக்கும் வழி. மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனக் கரும்புள்ளிகள் மழைபோல் பொழிவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை கிழிந்ததைக் காட்டும். அதற்கும் அன்றே போக வேண்டும்.

பலன் போதவில்லை என்றால்

மருந்து சரியில்லை என்று முடிவு கட்டும் முன் ஊசிகளின் தேதிகளை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும். 6 மாதத்தில் 3 ஊசி போட்ட கண்ணை "மருந்துக்கு மசியாத கண்" என்று சொல்லக் கூடாது.

தேதிகள் சரியென்றால் அடுத்து உடலைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகம், ரத்த சோகை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவை எல்லாம் மாகுலாவில் நீர் தேங்க வைக்கும். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை உடலில் நீரைத் தேக்கும் இயல்புடையது. காலும் வீங்கி மாகுலாவும் வீங்கியிருந்தால், அதற்கு மாற்று உண்டா என்று சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். எச்.பி.ஏ.1.சி. (கடந்த 3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்தை நோக்கி இறங்குவது பலருக்கும் நல்ல இலக்கு. ஆனால் 12இலிருந்து 7க்குச் சில வாரங்களில் தடாலென இறக்கினால் விழித்திரை தற்காலிகமாக மோசமாகலாம். சர்க்கரையை வேகமாக இறக்கும் புது மருந்து தொடங்கும்போது கண் மருத்துவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

கண்ணுக்குள்ளேயே தடை இருக்கலாம். மாகுலாவின் மேல் மெல்லிய சவ்வு படர்ந்து இழுத்தால் ஊசி அந்த இழுப்பைத் தளர்த்தாது, அறுவை சிகிச்சைதான் வழி. முற்றிய நோயில் புது ரத்தக் குழாய்களோடு தழும்புச் சவ்வும் இருந்தால், ஊசிக்குப் பின் அந்தச் சவ்வு சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரிக்கவும் கூடும். அத்தகைய கண்ணில் ஊசி போடுவதானால் அறுவை சிகிச்சைக்கான நாளும் கையில் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் பார்த்த பிறகு மருந்தை மாற்றுவது நியாயம். பெவாசிசுமாபில் தொடங்கி, போதாதபோது அஃப்லிபெர்செப்டுக்கு மாறியவர்களும், முதலிலிருந்தே அஃப்லிபெர்செப்ட் பெற்றவர்களும் 2 ஆண்டில் ஒரே அளவு பார்வையை எட்டியதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொரு வழி ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன் 0.7 மி.கி. கொண்ட சிறு குச்சியைக் கண்ணுக்குள் வைப்பார்கள். 3, 4 மாதம் மருந்தை விட்டுத் தானாகக் கரைந்துவிடும். அடிக்கடி வர முடியாதவர்களுக்கும், கண் புரை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். விலையாக இரண்டு உண்டு: இயற்கை லென்ஸ் இருந்தால் கண் புரை விரைவில் முற்றும், கண் அழுத்தம் ஏறலாம். ஏற்றம் 2 மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும் என்பதால் 6 முதல் 8 வாரத்தில் கண் அழுத்தத்தை அளக்காமல் விடக் கூடாது. முற்றிய கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு இது வேண்டாம். லென்ஸின் பின்திரை கிழிந்த கண்ணில் குச்சி முன்பக்கம் நழுவி வந்து கருவிழியைக் கெடுக்கும், அங்கும் கூடாது. லேசர் இன்று பெரும்பாலும் துணைச் சிகிச்சை, மையத்துக்கு வெளியே கசியும் புள்ளிகளுக்குப் பயன்படுகிறது.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கண், எந்தத் தேதி, எந்த மருந்து, அன்றைய பார்வை, ஓ.சி.டி. மையத் தடிமன், கண் அழுத்தம், எச்.பி.ஏ.1.சி. என்று ஒரு வரி போதும். மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் சிகிச்சை அறுந்துபோகாது. நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை படிக்கும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடி, ஓரடி தூரத்தில் அந்தப் புள்ளியையே பாருங்கள். கோடு வளைந்தாலோ கட்டம் மறைந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். ஊசிகள் நின்று மாகுலா உலர்ந்திருக்கும் காலத்திலும், முதல் ஆண்டு 3, 4 மாதத்துக்கு ஒருமுறை ஓ.சி.டி. எடுத்துக்கொள்ளுங்கள். நீர் திரும்புவது பெரும்பாலும் பார்வைக்குத் தெரியும் முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடும்.